முகமில்லாத மென்பொருளுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

லினக்ஸ் கணினியில் உள்ள மென்பொருள் கடையைத் திறந்து, படம் வரையும் செயலி ஒன்றைத் தேடிப் பாருங்கள். சின்னம், திரைப்பிடிப்புகள், விளக்கம், மதிப்புரைகள் எல்லாவற்றோடும் வந்து நிற்கும். அதே கடையில் மடிக்கணினியின் மின்சாரச் செலவைக் குறைக்கும் டிஎல்பியையோ, வெளியிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச் சர்வரையோ தேடினால் பல கடைகளில் எதுவும் கிடைக்காது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் அதே பெயரைக் கொடுத்தால் சில நொடிகளில் நிறுவிவிடலாம். மென்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம் ஒன்றுதான், கேட்கும் கடவுச்சொல்லும் ஒன்றுதான். ஒரு வாசலில் இருக்கும் பொருள் அடுத்த வாசலில் இல்லை.

இது கவனக்குறைவால் நடப்பதில்லை. பின்னணியில் ஓடும் கருவிகளைக் கடையில் காட்ட வேண்டாம் என்று கடைகளை வடிவமைத்தவர்கள் யோசித்தே முடிவெடுத்தார்கள். எடுத்த காலத்தில் அது நல்ல முடிவு. இன்று அதைத் திருத்த வேண்டும் என்பது என் கருத்து. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் ஏன் என்று சொல்ல முடியும்.

சினாப்டிக் என்ற பழைய நிறுவல் கருவியைப் பயன்படுத்தியவர்களுக்கு நினைவிருக்கும். களஞ்சியத்தில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் ஒரே பட்டியலில் வரும். இசை கேட்க ஒரு செயலி வேண்டும் என்று தேடினால், இசைக் கோப்பைப் படிக்கும் நூலகங்கள் (மற்ற செயலிகள் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்), அந்த நூலகங்களை வைத்து நிரல் எழுதுவதற்கான தலைப்புக் கோப்புகள், பிழைதிருத்தக் குறியீடுகள், ஆவணங்கள் எல்லாம் வரிசைகட்டும். நடுவில் எங்கோ நாம் தேடிய செயலி இருக்கும். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் மொத்தம் 69,830 பேக்கேஜ்கள், அதாவது நிறுவக்கூடிய மென்பொருள் பொதிகள். அவற்றில் சாதாரணப் பயனர் ஒருவர் பெயர் சொல்லிக் கேட்கக்கூடியவை மிகச் சிறிய பங்கு. முழுப் பட்டியலையும் அவர் முன் கொட்டுவதை உதவி என்று சொல்ல முடியாது.

2009-இல் உபுண்டு தன் 9.10 பதிப்பில் சாஃப்ட்வேர் சென்டரைக் கொண்டுவந்தது. 2011 ஜனவரியில் டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ஓப்பன்சூசே, மான்ட்ரீவா, மஜேயா ஆகிய டிஸ்ட்ரோக்களின் (லினக்ஸ் வகைகளின்) ஆட்கள் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் கூடிப் பேசினார்கள். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் தனித்தனியாகக் கடை கட்டுவதைவிட, மென்பொருளைப் பற்றிய தகவலை எல்லோரும் ஒரே வடிவத்தில் எழுதி வைப்போம் என்ற எண்ணம் அங்கே உருப்பெற்றது. ஆப்ஸ்ட்ரீம் என்று இன்று நாம் அறிவது அதைத்தான். 2013-இல் க்னோம் 3.10 டெஸ்க்டாப்புடன் வந்த க்னோம் சாஃப்ட்வேர் கடை, கேடிஇ டெஸ்க்டாப்பின் டிஸ்கவர் கடை இரண்டும் இந்தத் தகவலை வைத்துத்தான் பக்கங்களை அமைக்கின்றன.

ஆப்ஸ்ட்ரீம் செய்த பெரிய காரியம், பேக்கேஜை மனிதர் கண்ணிலிருந்து அகற்றியது. டிஸ்ட்ரோவின் உள்வசதிக்காக ஒரு மென்பொருளை ஐந்து பேக்கேஜாகப் பிரித்திருக்கலாம். பயனருக்கு அது ஒரே பொருள். அந்தப் பொருளுக்கு ஒரு பெயர், ஒரு வரி அறிமுகம், ஒரு பக்கம். நூலகங்களுக்குப் பக்கம் கிடையாது. சாதாரண மக்கள் லினக்ஸில் தாங்களே மென்பொருள் நிறுவத் துணிந்ததற்கு இந்த ஒழுங்கும் முக்கியமான காரணம். அதைக் கலைக்கச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் நூலகங்களை ஒதுக்கிய கையோடு இன்னொரு கூட்டத்தையும் சேர்த்து ஒதுக்கிவிட்டார்கள். நூலகத்தை யாரும் வேண்டுமென்று நிறுவுவதில்லை; வேறொன்றின் தேவைக்காகத் தானாக வருகிறது. பின்னணிச் சேவை அப்படியல்ல. பேட்டரி நீடிக்க வேண்டும், இரண்டு கணினிகளில் ஒரே கோப்புகள் இருக்க வேண்டும், இரவில் காப்புநகல் எடுக்க வேண்டும் என்று ஒரு மனிதர் ஆசைப்பட்டு, தேடி, நிறுவுகிறார். படம் வரையும் செயலியை எப்படித் தேர்ந்தெடுத்தாரோ அப்படியேதான் இதையும் தேர்ந்தெடுக்கிறார். விண்டோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இதை நூலகத்தோடு சேர்த்து மறைப்பது பொருந்தாத வகைப்பாடு.

ஆப்ஸ்ட்ரீமை வடிவமைத்தவர்களுக்கே இது தெரிந்திருந்தது. அதன் விவரக்குறிப்பில் பொருள்களின் வகைகள் பல: டெஸ்க்டாப் செயலி, கன்சோல் செயலி, எழுத்துரு, கோடெக், ஃபர்ம்வேர், டிரைவர் என்று நீளும் பட்டியலில் சேவை என்பதும் தனி வகை. சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில் அந்தச் சேவையின் யூனிட் (அமைப்புக் கோப்பு) பெயர் என்ன என்று எழுத ஓர் இடமும் உண்டு. ஆக, எழுதி வைக்க வழி இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத்தான் கடைகள் தயங்குகின்றன.

இந்தத் தயக்கம் யாரைப் பாதிக்கிறது என்பதை ஒரு நண்பரின் மடிக்கணினியில் நேரில் பார்த்தேன். அவர் நிரலாளர் அல்லர். தன் வேலைக்காக லினக்ஸைப் பயன்படுத்துகிறவர். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று இணையத்தில் தேடியிருக்கிறார். ஒரு கட்டுரையில் இருந்த கட்டளைகளை அப்படியே டெர்மினலில் ஒட்டி டிஎல்பியை நிறுவியிருக்கிறார். அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சில வாரங்கள் கழித்துத் திரையின் மேல்மூலை மெனுவில் இருந்த மின்திறன் முறை, அதாவது சிக்கனம், சமநிலை, முழுவேகம் என்று மாற்றும் பொத்தான், காணாமல் போயிருப்பதைக் கவனித்தார். அதற்கும் டிஎல்பிக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

காரணம் எளிது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தது பவர்-புரொஃபைல்ஸ்-டீமன் என்ற இன்னொரு பின்னணிச் சேவை. அதுவும் டிஎல்பியும் ஒரே அமைப்புகளைத் தொடுவதால் இரண்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்று டிஎல்பியின் ஆவணமே சொல்கிறது. அவர் ஒட்டிய கட்டளைகளில் ஒன்று பழையதை நீக்கியிருந்தது. சேவை போனதும் பொத்தானும் போய்விட்டது.

நண்பர் செய்தது எவரும் செய்யக்கூடியதுதான். மென்பொருள் கடையைத் திறந்து, நிறுவப்பட்டவை என்ற பகுதிக்குப் போய்த் தேடினார். டிஎல்பி அங்கே இல்லை. காணாமல் போன சேவையையும் கடையில் தேடினார். அதுவும் இல்லை. தான் நிறுவியதே கனவோ என்று சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு. இயங்குதளம் முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாம் என்ற யோசனையோடு என்னை அழைத்தார். டெர்மினலில் சில நிமிட வேலை. எல்லாம் பழையபடி ஆனது. அவருடைய கணினியில் தேவையான தகவல் எல்லாமே இருந்தது. அவர் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு எண்ணம் உறுதிப்பட்டது. விண்டோ உள்ள செயலிக்குக் கடையில் பக்கம் இல்லாவிட்டாலும் பெரிய நட்டமில்லை. திறந்தால் அதுவே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. மெனு இருக்கிறது, பற்றி என்ற பகுதியில் பெயரும் பதிப்பும் இருக்கின்றன, மூலையில் மூடும் பொத்தான் இருக்கிறது. எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. பின்னணிச் சேவைக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. கணினி தொடங்கும்போது தொடங்கி, அணைக்கும்போது நிற்கிறது. இடையில் ஒரு சொல் பேசுவதில்லை. கடையில் உள்ள பக்கம்தான் அதற்கு அமையக்கூடிய ஒரே முகம். அந்த முகம் எதற்கு மிகவும் தேவையோ அதற்குத்தான் இன்று மறுக்கப்படுகிறது.

2024 செப்டம்பரில் கப்ஸ் அச்சு அமைப்பில் சில பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானது நினைவிருக்கலாம். நடுநாயகமாக இருந்தது கப்ஸ்-பிரவுஸ்டு என்ற சின்ன சேவை. வலையமைப்பில் உள்ள அச்சுப்பொறிகளைத் தானாகக் கண்டுபிடிப்பது அதன் வேலை. அதற்காக 631-ஆம் யூடிபி போர்ட்டில் (வலைத் தொடர்புக்கான வாசல்), எல்லா வலை இடைமுகங்களிலும் காது கொடுத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஒருவர் போலி அச்சுப்பொறியைப் புகுத்தி, பயனர் அதற்கு எதையாவது அச்சிட அனுப்பும்போது தன் கட்டளையை ஓட வைக்க முடியும் என்று காட்டினார்கள். திருத்தங்கள் விரைவில் வந்துவிட்டன. அது வேறு விஷயம். அந்த நாட்களில் டெஸ்க்டாப் பயனர்களின் முதல் கேள்வி ஒன்றுதான்: என் கணினியில் இது இருக்கிறதா, ஓடுகிறதா? அதற்கு டெர்மினலில் சிஸ்டம்சிடிஎல் கட்டளையைத்தான் கற்றுத்தர வேண்டியிருந்தது. நிறுவப்பட்டவை பட்டியலில் கப்ஸ்-பிரவுஸ்டு என்று ஒரு வரி, பக்கத்தில் நிறுத்து என்று ஒரு பொத்தான் இருந்திருந்தால், டெர்மினலைத் தொடாதவர்களும் அன்றே அதை நிறுத்தி வைத்திருக்கலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் கூட்டம் சேர்ந்துவிடும் என்பது ஒன்று. அதற்குப் பதில் சொல்வது சுலபம். முகப்புப் பக்கத்தில் சேவைகளை வைக்க வேண்டாம், ஆசிரியர் பரிந்துரையிலும் வேண்டாம். தேடும்போது, செயலிகளுக்குக் கீழே தனித் தலைப்பில் வரட்டும். பெயரைத் தெரிந்து தேடுகிறவருக்குக் கிடைத்தால் போதும். எழுத்துருக்களும் கோடெக்குகளும் இப்படித்தான் சில கடைகளில் இடம் பெற்றிருக்கின்றன. அதனால் யாருக்கும் வழி தவறவில்லை.

இன்னொரு வாதம் கனமானது. ஒரே சொடுக்கில் சேவையை நிறுவ விடுவது ஆபத்து என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

டெபியனிலும் உபுண்டுவிலும் ஒரு சேவையை நிறுவினால், வழக்கமாக அது உடனே ஓடத் தொடங்கிவிடும். அடுத்த முறை கணினி தொடங்கும்போதும் தானாக ஓடும். ஓபன்எஸ்எஸ்எச் சர்வரை நிறுவிய மறுகணம் 22-ஆம் போர்ட் வலையமைப்பில் உள்ள எல்லோருக்கும் திறந்திருக்கும். டெபியனில் வெளித் தொடர்புகளைத் தடுக்கும் எந்தத் தீச்சுவரும் இயல்பாக இயங்குவதில்லை. உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர் நிறுவப்பட்டிருக்கும், ஆனால் நாம் இயக்கும்வரை உறங்கிக்கொண்டிருக்கும். அதே டெபியனில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தை நிறுவினால் அதுவும் உடனே ஓடும்; ஆனால் அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டுமே அதை அணுக முடியும். இரண்டுக்கும் பொத்தான் ஒன்று, விளைவு வேறு. நிறுவுகிறவருக்கு இந்த வேறுபாட்டை யாரும் சொல்வதில்லை.

ஃபெடோராவில் கதை நேர்மாறு. சில விதிவிலக்குகள் போக, நிறுவிய சேவை தானாக ஓடாது. சிஸ்டம்டியின் பிரீசெட் கோப்புகளில் அனுமதி பெற்றவை மட்டும்தான் இயல்பாக இயங்கும். பாதுகாப்பாக இருக்கிறது, சரி. ஆனால் கடையில் சொடுக்கி நிறுவியவர் என்ன நினைப்பார்? நிறுவியாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. திற என்ற பொத்தானை அழுத்தினாலும் திறக்க ஏதுமில்லை. உடைந்த மென்பொருள் என்று முடிவுகட்டி நீக்கிவிடுவார்.

ஆக, ஒரு பக்கம் கேட்காமலே ஓடுகிறது, இன்னொரு பக்கம் கேட்டும் ஓடவில்லை. இன்றைய கடைப் பக்கத்தின் வடிவம் இரண்டுக்குமே பொருந்தாது. சேவைகளை மறைத்தே வைப்போம் என்பவர்கள் இதைத்தான் சுட்டுகிறார்கள். இதே உண்மையிலிருந்து நான் வேறு முடிவுக்கு வருகிறேன்: பக்கத்தின் வடிவத்தை மாற்ற வேண்டும்.

ஏனென்றால் மறைத்து வைப்பதால் ஆபத்து குறைவதில்லை, இடம் மாறுகிறது. கடையில் கிடைக்காதவர் ஆசையைக் கைவிட்டுவிடுவதில்லை. என் நண்பரைப் போல ஏதோ ஒரு கட்டுரையைத் திறந்து, புரியாத கட்டளைகளை ஒட்டுகிறார். முன்னால் ரூட் உரிமை, அதாவது முழு நிர்வாக உரிமை, தரும் சூடோ போட்டிருக்கும். சில கட்டுரைகள் வெளிக் களஞ்சியத்தைச் சேர்க்கச் சொல்லும். இன்னும் சில, இணையத்திலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி நேரே ரூட் உரிமையில் ஓட்டச் சொல்லும். டிஸ்ட்ரோ சரிபார்த்துக் கையொப்பமிட்ட பேக்கேஜ் களஞ்சியத்திலேயே இருக்கும்போது இப்படி அலைய விடுவது எந்த வகையில் பாதுகாப்பு என்று எனக்குப் புரியவில்லை.

சரி, பக்கம் எப்படி இருக்க வேண்டும்? சிங்திங்கை எடுத்துக்கொள்வோம். கணினிகளுக்கு இடையே கோப்புறைகளை ஒத்திசைக்கும் பின்னணிக் கருவி அது. தனி விண்டோ இல்லை. உலாவியில் 8384-ஆம் போர்ட்டில், அந்தக் கணினிக்குள்ளிருந்து மட்டும் அணுகும்படி ஒரு பக்கம் காட்டும். மற்ற கணினிகளோடு பேச 22000-ஆம் போர்ட்டைப் பயன்படுத்தும். கடைப் பக்கத்தில் இவை நேரடியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்: இது விண்டோ இல்லாமல் ஓடும்; அமைப்புகளை உலாவியில் மாற்றலாம்; உங்கள் வலையமைப்பில் உள்ள கணினிகள் இதைத் தொடர்புகொள்ளும். திற என்ற பொத்தானுக்குப் பதில் இரண்டு நிலைமாற்றிகள் போதும். இப்போது ஓடட்டும் என்பது ஒன்று, கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடட்டும் என்பது மற்றொன்று. டெபியனில் நிறுவியதும் தானாக ஓடும் சேவைகளுக்கு இரண்டும் இயங்கும் நிலையில் தெரியட்டும், ஃபெடோராவில் போலத் தானாக ஓடாதவற்றுக்கு அணைந்த நிலையில் தெரியட்டும். இரு டிஸ்ட்ரோக்களும் தங்கள் கொள்கையை மாற்ற வேண்டியதில்லை. நடப்பது என்ன என்று பயனருக்குத் தெரிந்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றிய குறிப்பும் வேண்டும். க்னோம் 41-இலிருந்து க்னோம் சாஃப்ட்வேர் ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும், அது எவ்வளவு பாதுகாப்பானது என்று சுருக்கமாக ஒரு கட்டம் காட்டுகிறது. கோப்புகளை அணுகுமா, இணையத்தை அணுகுமா என்பதெல்லாம் அதில் வரும். சேவைகளுக்கு இதைவிடத் துல்லியமாகச் செய்யலாம் என்பது பலர் கவனிக்காத விஷயம். சிஸ்டம்டி யூனிட் கோப்பிலேயே, எந்தப் பயனரின் பெயரில் ஓடும், வீட்டுக் கோப்புறையைப் பார்க்க முடியுமா, எந்த உரிமைகள் பறிக்கப்பட்டிருக்கின்றன என்று எழுத வசதி உண்டு. சிஸ்டம்டி-அனலைஸ் கருவியின் பாதுகாப்புக் கட்டளை இவற்றை எடைபோட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் தருகிறது. அந்த எண்ணை அப்படியே காட்டினால் பயனர் மிரண்டுவிடுவார். நல்ல சேவைகள் பலவும் அதில் மோசமான மதிப்பெண் வாங்கும். ஆனால் அதன் பின்னால் உள்ள விவரங்களைச் சாதாரண வாக்கியங்களாக மாற்றலாம். ரூட் உரிமையோடு ஓடும். உங்கள் சொந்தக் கோப்புகளைப் பார்க்க முடியாது. இப்படி இரண்டு மூன்று வரி.

டெஸ்க்டாப்புகள் இந்தத் திசையில் ஏற்கெனவே ஓர் அடி வைத்துவிட்டன. 2023 மார்ச்சில் வந்த க்னோம் 44, விண்டோ இல்லாமல் பின்னணியில் ஓடும் செயலிகளை மேல்மூலை மெனுவில் பட்டியலிட ஆரம்பித்தது. அங்கிருந்தே அவற்றை மூடலாம். ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவில் வந்த செயலிகள் மட்டும்தான் அதில் தெரியும், சிஸ்டம் சேவைகள் தெரியாது. இருந்தாலும் அதன் பின்னால் உள்ள எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கவலை தருவது வேறொன்று. கடைகள் மெல்ல ஃபிளாட்பேக் பக்கமும் ஸ்னாப் பக்கமும் சாய்கின்றன. அதுபோன்ற இன்னொரு பொதி வடிவமான ஸ்னாப்பில் சேவைகளைக் கட்டலாம். ஃபிளாட்பேக் டெஸ்க்டாப் செயலிகளுக்காகவே உருவானது; சிஸ்டம் சேவைகளுக்கு அதில் இடமில்லை. ஃபெடோரா சில்வர்ப்ளூ போல அடித்தளத்தை மாற்ற விடாத இயங்குதளங்களில் கடை என்றாலே பெரும்பாலும் ஃபிளாட்பேக்தான். அங்கே பின்னணிச் சேவை வேண்டுமென்றால் ஆர்பிஎம்-ஓஸ்ட்ரீ கருவியால் அடித்தளத்தின் மேல் அடுக்க வேண்டும், அல்லது தனித்து ஓடும் கன்டெய்னராக ஓட்ட வேண்டும். இரண்டுமே டெர்மினல் வேலை. இந்தப் போக்கு வளர வளர, காட்டலாமா வேண்டாமா என்று கேட்பதற்கே கடையில் சேவைகள் மிச்சமிருக்காது.

பயனர் தேர்ந்தெடுக்காமலேயே வந்த சேவைகளை என்ன செய்வது என்பதும் யோசிக்க வேண்டியதுதான். கப்ஸ்-பிரவுஸ்டுவை யாரும் கேட்டு வாங்கவில்லை, இயங்குதளத்தோடு வந்தது. இவற்றைத் தேடலில் காட்டத் தேவையில்லை. ஆனால் நிறுவப்பட்டவை பட்டியலின் அடியில், மூடி வைத்த ஒரு பகுதியாகவாவது இருக்க வேண்டும். நீக்கினால் டெஸ்க்டாப்பே சரியும் என்றால் நீக்கும் பொத்தானைத் தர வேண்டாம். இன்ன டெஸ்க்டாப்புக்கு இது கட்டாயம் என்று குறிக்க ஆப்ஸ்ட்ரீமில் தனி அடையாளமே இருக்கிறது. 2021-இல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் ஸ்டீம் விளையாட்டுச் செயலியை நிறுவப்போய் டெஸ்க்டாப்பையே இழந்ததை நிறைய பேர் பார்த்தார்கள். கடையில் நிறுவ முடியாமல் போனதால்தான் அவர் டெர்மினலுக்குப் போனார். அங்கே வந்த நீண்ட எச்சரிக்கையைத் தாண்டி ஒப்புதலைத் தட்டச்சு செய்தார். அதன் பிறகு பேக்கேஜ்களை நிறுவும் ஏபிடி கருவியே அப்படி எளிதில் ஒப்புதல் வாங்காதபடி மாற்றப்பட்டது. நீக்கக் கூடாததை நீக்க விடாமல் தடுக்கலாம். அது இருக்கிறது என்பதையே மறைக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் யார் எழுதுவது என்ற கேள்வி கடைசியில் வந்து நிற்கும். கடை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஆப்ஸ்ட்ரீம் தகவலை எழுதி வைக்கும் மெட்டாஇன்ஃபோ கோப்பு இல்லையென்றால் காட்ட ஒன்றுமிருக்காது. விண்டோ செயலிகளை எழுதுபவர்களுக்கு இது பழகிவிட்டது. சேவைகளை எழுதுபவர்களில் பலருக்கு, தங்கள் கருவிக்கு இப்படி ஒரு கோப்பு எழுதலாம் என்பதே தெரியாது. தெரிந்தவர்களும், எப்படியும் கடை காட்டப்போவதில்லை, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று விட்டுவிடுகிறார்கள். எழுதுவதில்லை என்பதால் கடை காட்டுவதில்லை, காட்டுவதில்லை என்பதால் இவர்கள் எழுதுவதில்லை. முதலில் நகர வேண்டியது கடைகள்தான் என்பேன். இருக்கும் சில கோப்புகளையாவது தேடலில் காட்டத் தொடங்கினால் மற்றவர்கள் எழுத ஆரம்பிப்பார்கள்.

எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. இன்ன நெறிமுறையைச் செயல்படுத்தும் டீமன் என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். நிறுவினால் என் கணினியில் என்ன மாறும், எது நின்றுபோகும், வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது என்று எழுதுங்கள். அந்தக் கோப்பில் உள்ள விளக்கத்தை மொழிபெயர்க்க வசதி இருக்கிறது. எழுதி வைத்தால் அவரவர் மொழியில் மொழிபெயர்த்துத் தர ஆட்கள் இருக்கிறோம், நானும் உண்டு.